பாறையும் அல்ல, முற்போக்கும் அல்ல

சென்ற மாதம் அக்கா மகன் தன் கைப்பேசியில் ஓர் ஆவணப்படம் காட்டினான். 1970களின் பிரிட்டிஷ் இசைக்குழுக்களில் எது தலைசிறந்தது என்று நரைத்த தலைகள் சில உட்கார்ந்து சண்டை போடும் படம். கீழே தமிழில் எழுத்து ஓடியது. "செவ்வியல் முற்போக்குப் பாறைப் பட்டைகளில் முதலிடம் யாருக்கு?" என்று ஒரு வரி வந்ததும் படத்தை நிறுத்தச் சொன்னேன். ஆங்கிலத்தில் அது 'கிளாசிக் ப்ரோக்ரஸிவ் ராக் பேண்ட்ஸ்', அதாவது ப்ரோக்ரஸிவ் ராக் என்ற இசைவகையின் குழுக்கள். இயந்திரம் செய்த வேலை. அதற்குக் காது கிடையாது, மன்னித்துவிடலாம். ஆனால் அதே வாரம், காதும் கல்வியும் உள்ள ஒருவர் எழுதிய கட்டுரையைப் படித்தேன். அவர் பாறையை 'ராக்' ஆக்கியிருந்தார், பட்டையைக் குழு ஆக்கியிருந்தார். முற்போக்கை மட்டும் தொடவில்லை. 'முற்போக்கு ராக்'. இருபது ஆண்டுகளாக இந்தத் தொடரைப் பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறேன். இனிப் பல்லுக்கு வயதாகிவிட்டது, எழுதிவிடுகிறேன்.

முதலில் பாறையை உருட்டித் தள்ளுவோம். ஆங்கிலத்தில் 'ராக்' என்று ஒலிக்கும் சொற்கள் இரண்டு. கல்லைக் குறிப்பது பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. ஆடு, அசை, தொட்டிலை ஆட்டு என்ற பொருள் கொண்டது பழைய ஆங்கில வினை. இசைக்குப் பெயர் கொடுத்தது இந்த வினைதான். அதைப் 'பாறை இசை' என்பது ஆறுமுகத்தை 'நதிமுகம்' என்பதற்கு ஒப்பு. ராக் ராக்காகவே இருக்கட்டும். ஹிந்துஸ்தானி கச்சேரி பற்றி எழுதுகிறவர்கள் 'ராக் யமன்' என்று எழுதி வைத்திருப்பது ஒரு சிறு இடைஞ்சல்தான். அவர்கள் 'ராகம்' என்றே எழுதலாம். நமக்கு அந்தச் சொல் இல்லாமலா போயிற்று?

அடுத்து 'ப்ரோக்ரஸிவ்' என்ற அடைமொழி. லத்தீனில் முன்னால் அடி எடுத்து வைத்தல் என்ற பொருளில் பிறந்தது. இசைக்கு வந்தது ராக்கின் வழியாக அல்ல. அமெரிக்க ஜாஸ் இசைஞர் ஸ்டான் கென்டன் 1940களிலேயே தம் இசைக்கு இந்த அடைமொழியைச் சூட்டிக்கொண்டார். 1960களின் இறுதியில் அது ராக்கின் மேல் ஒட்டியது. முன்னேறுவது நாட்டையோ சமுதாயத்தையோ அல்ல. மூன்று நிமிடப் பாட்டை விட்டு முன்னேறுவது. வேர்க்கதை இவ்வளவுதான்.

அந்த மூன்று நிமிடத்தைத்தான் கொஞ்சம் விளக்க வேண்டும். நிமிடத்துக்கு 45 முறை சுழலும் சிறு தட்டில் ஒரு பாட்டு, அதுவும் வானொலி தாங்கும் நீளத்தில். பல்லவி, சரணம், மீண்டும் பல்லவி, முடிந்தது. 33⅓ சுற்று எல்.பி. தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் இருந்தும், அதில் தனித்தனிப் பாட்டுகளை அடுக்கி வைப்பதே வழக்கம். அந்த இடத்தை ஒரே படைப்பாகப் பயன்படுத்திப் பார்த்தவர்கள் இந்த ராக் குழுவினர். 1969 அக்டோபரில் வந்த கிங் கிரிம்சன் குழுவின் முதல் எல்.பி.யில் மொத்தம் ஐந்தே பாட்டுகள். 1972இல் யெஸ் என்ற குழு வெளியிட்ட 'குளோஸ் டு தி எட்ஜ்' தட்டில் மூன்றே மூன்று. முதல் பாட்டு ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். அதே ஆண்டு ஜெத்ரோ டல் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே பாட்டைப் போட்டது, நாற்பது நிமிடத்துக்கு மேல். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இப்படி நீட்டி முழக்குகிறவர்களைக் கேலி செய்யத்தான் அந்தத் தட்டைச் செய்ததாக அக்குழுவின் இயன் ஆண்டர்சன் சொல்லியிருக்கிறார். கேலியே அந்த வகையின் உச்சங்களில் ஒன்றாக நின்றுவிட்டது.

இப்போது 'முற்போக்கு'. முன், போக்கு. பிரித்துப் பார்த்தால் புணர்ச்சியில் பிழை இல்லை, லத்தீன் வேருக்கும் மிக நெருக்கம். கட்டுரையாளரின் வாதமும் இதுவாகத்தான் இருக்கும். ஆனால் சொல்லுக்கு உறுப்பு மட்டும் போதுமா, உயிர் வேண்டாமா? இந்தச் சொல் தமிழில் வாழ்ந்த வாழ்க்கை வேறு. இலங்கையில் முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றியது. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1975இல் மதுரையில் தொடங்கியது. 2004இல் டெல்லியில் ஆட்சிக்கு வந்த கூட்டணியின் பெயரிலும் முற்போக்கு இருந்தது. சாதி மறுப்பு, பெண்விடுதலை, உழைப்பவன் பக்கம் நிற்பது, பழமையை எதிர்ப்பது என்று இவை எல்லாம் சேர்ந்த நெடி இந்தச் சொல்லுக்கு உண்டு. எனக்கு அந்த நெடி பிடிக்கும், அதனால்தான் அதைக் கண்ட இடத்தில் தெளிக்கக் கூடாது என்கிறேன். 'முற்போக்கு ராக்' என்று படிக்கும் தமிழ் வாசகன் ஆலை வாசலில் கிட்டாருடன் நிற்கும் ஒருவனைத்தான் கற்பனை செய்வான். உண்மையில் அந்தக் குழுவினரோ மந்திரவாதிகளையும் தேவதைக் கதைகளையும் பாடிக்கொண்டிருந்தார்கள்.

இன்னும் கேளுங்கள். யெஸ் 1973இல் ஓர் இரட்டைத் தட்டு வெளியிட்டது. நான்கு பக்கம், நான்கு பாட்டு. பரமஹம்ச யோகானந்தரின் தன்வரலாற்றில் வரும் ஓர் அடிக்குறிப்பைப் படித்துவிட்டுப் பாடகர் ஜான் ஆண்டர்சனுக்குத் தோன்றிய திட்டம் அது. அந்த அடிக்குறிப்பு சொல்வது சாஸ்திரங்களின் நான்கு பிரிவுகளைப் பற்றி. சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம். ஸ்மிருதி என்றால் எந்த நூல் முதலில் நினைவுக்கு வரும் என்று தமிழ்நாட்டில் எந்த முற்போக்குக் கூட்டத்திலும் கேட்டுப் பாருங்கள், பிறகு இது முற்போக்கு இசை என்று அங்கேயே சொல்லிப் பாருங்கள். நான் வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறேன். (குழுவின் விசைப்பலகைக் கலைஞர் ரிக் வேக்மனுக்கே அந்தத் தட்டு ஒத்துக்கொள்ளவில்லை, அடுத்த ஆண்டே விலகிவிட்டார்.)

அது போதாது என்றால் கனடாவின் ரஷ் இருக்கிறது. 1976இல் வந்த '2112' தட்டின் முதல் பக்கம் முழுவதும் ஒரே கதை. அதன் உறையில் அயன் ராண்டின் மேதைமைக்கு நன்றி தெரிவித்திருந்தார்கள். தன்னலம் ஓர் அறம் என்று வாதிட்டவர், பொதுவுடைமையை வாழ்நாள் முழுவதும் வெறுத்தவர். அவருக்குக் கடன்பட்ட குழுவின் தலையில் முற்போக்குக் கிரீடம்!

சொல் பிழையானால் என்ன, இசை மாறிவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. இசை மாறாது, தீர்ப்பு மாறும். நண்பர் வீட்டு மொட்டை மாடியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடி இசை கேட்பது வழக்கம். மேற்படி கட்டுரையைப் படித்துவிட்டு வந்த ஒருவர், முதலிடம் பிங்க் ஃப்ளாய்டுக்குத்தான் என்று அடித்துச் சொன்னார். காரணம் கேட்டோம். போரை எதிர்த்தார்கள், பணவெறியைச் சாடினார்கள், ஆகவே அவர்களே முற்போக்கு என்றார். யெஸ்ஸைப் 'பிற்போக்கு' என்று ஒரே சொல்லில் ஒதுக்கினார். மனிதர் இசையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, பெயரைத் தராசாகப் பிடித்து நிறுத்துவிட்டார். பிங்க் ஃப்ளாய்டுக்கு முதலிடம் கேட்கலாம், தப்பில்லை. 1973இல் வந்த அவர்களின் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 1988 வரை மொத்தம் 741 வாரம் இருந்தது. அதில் பணத்தைப் பற்றிய பாட்டு ஏழு எண்ணிக்கையில் நடக்கும். மிஸ்ர சாபு பழகிய காது உடனே பிடித்துக்கொள்ளும். நடுவில் கிட்டார் தனியாக முழங்கும் இடத்தில் மட்டும் எண்ணிக்கை நான்குக்கு வந்துவிடும். இப்படி ஒரு காரணம் சொல்லியிருந்தால் நானே கை தட்டியிருப்பேன்.

உண்மையிலேயே முற்போக்கான ராக் இசைஞர்களும் இருந்தார்கள் என்பதுதான் கொடுமை. ஹென்றி கவ் என்ற குழு வெளிப்படையாக இடதுசாரி. சாஃப்ட் மெஷின் குழுவின் ராபர்ட் வயட் பின்னாளில் பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியிலேயே சேர்ந்தார். எல்லோரையும் முற்போக்கு என்று அழைத்துவிட்டால் இவர்களை எப்படி அழைப்பது? முற்போக்கு முற்போக்கு ராக் என்றா?

சரி, மாற்று என்ன? தமிழ் இதற்கு முன்பும் இந்த ஆங்கில அடைமொழியைச் சந்தித்திருக்கிறது, ஒவ்வொரு முறையும் இடம் பார்த்தே பெயர் வைத்திருக்கிறது. வருமானம் ஏற ஏற விகிதமும் ஏறும் வரியைப் பொருளியல் ஆசிரியர்கள் 'வளர்விகித வரி' என்றார்கள். முற்போக்கு வரி என்று சொல்லவில்லை. கணக்குப் பாடத்தில் அதே குடும்பத்துச் சொல்லான 'ப்ரோக்ரஷன்' வந்தபோது 'கூட்டுத் தொடர்வரிசை' என்றார்கள். கூட்டு முற்போக்கு என்று எழுதியிருந்தால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கட்சி ஆரம்பித்திருப்பார்கள். பள்ளிப் புத்தகம் எழுதியவர்களுக்கு இருந்த நிதானம் கலை பற்றி எழுதுகிறவர்களுக்கு ஏன் இல்லை? அகராதியைத் திறந்ததும் முதலில் நிற்கும் சொல்லை அள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள். இரண்டாவது பொருளைப் படிக்கப் பொறுமை இல்லை.

'வளர்ச்சி ராக்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அரசுத் திட்டம் போல ஒலிக்கிறது. 'பரிணாம ராக்' என்றால் குரங்கு நினைவுக்கு வருகிறது. 'நவீன ராக்' என்றால் இன்று காலை வெளிவந்தது என்று பொருள். இவர்களோ ஐம்பது ஆண்டுப் பழையவர்கள். ரசிகர்கள் சுருக்கிச் சொல்லும் 'ப்ராக்' பேச்சுக்குச் சரி. எழுத்தில் செக் குடியரசின் தலைநகர் வந்து குறுக்கே நிற்கிறது.

நான் சொல்வது 'விரிராக்'. விரிகுடா, விரிசுடர், விரிகடல் போல ஒரு வினைத்தொகை. விரிந்த, விரிகின்ற, விரியும் என்று முக்காலமும் அதற்குள் மடங்கி இருக்கிறது. கருவை எடுத்து, அதை விரித்து, வேறு வேகத்தில் காட்டி, வேறு கருவிக்குக் கொடுத்து, கடைசியில் தொடங்கிய இடத்துக்கே கொண்டு வருகிற வேலையைத்தான் ஜெனிசிஸ் குழு 1972இல் தன் இருபத்துமூன்று நிமிடப் பாட்டில் செய்தது. நம் வித்வான் ஒரு ராகத்தை விரிப்பது வேறு இலக்கணம் என்றாலும், 'விரித்தல்' என்ற வினை நம் காதுக்கு இசையோடு ஏற்கெனவே பழகியது. அயற்சொல்லோடு வினைத்தொகை சேருமா என்று இலக்கண ஆசிரியர் யாராவது கேட்பார். சேர்த்தால் சேரும் ஐயா. வாழும் மொழி அப்படித்தான் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறது.

போகிற போக்கில் அந்தச் 'செவ்வியல்' பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே ஆங்கிலத்தில் உள்ள 'கிளாசிக்'குக்குத் தன் காலத்தின் மாதிரியாக நிலைத்துவிட்ட என்ற பொருள். செவ்வியல் இசை என்றால் நமக்கு பாக், பீத்தோவன். இந்த வகையிலோ குழப்பம் இரட்டிப்பு; எமர்சன், லேக் அண்ட் பாமர் குழு ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் செவ்வியல் படைப்பையே எடுத்து மேடையில் முழங்கி 1971இல் தட்டாகவும் போட்டது. 'செவ்வியல் ராக்' என்று அவர்களைச் சொன்னால் எதைச் சொல்கிறோம்? 'பொற்காலத்து விரிராக் குழுக்கள்' என்று எழுதினால் 1969க்கும் 1976க்கும் இடைப்பட்டவர்கள் என்று யாருக்கும் புரியும்.

நான் வைத்த பெயரிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. அதை அக்கா மகன் உடனே கண்டுபிடித்துவிட்டான். என் பட்டியலில் முதலிடம் கிங் கிரிம்சனுக்கு. அவர்கள் தங்களையே திரும்பச் செய்யாதவர்கள். 1974இல் வந்த 'ரெட்' தட்டில் மெல்லோட்ரான் என்ற விசைப்பலகைக் கருவியின் பனிமூட்டம் விலகி, கிட்டாரும் பேஸும் மத்தளமும் இறுகிக் கரடுமுரடாக முழங்கும். "அது விரியவே இல்லையே மாமா, சுருங்கி அல்லவா இருக்கிறது?" என்றான். உங்கள் சொல்லுக்குள் உங்கள் முதலிடமே அடங்கவில்லை என்று வேறு சேர்த்துக்கொண்டான். அந்தத் தட்டின் கடைசிப் பாட்டு பன்னிரண்டு நிமிடம் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.