எல்லாவற்றுக்கும் 'மெதுவாக' என்று எழுதிவைக்காதீர்கள்

மயிலாப்பூரில் பியானோ கற்பிக்கும் எனக்குத் தேர்வுக் காலம் நெருங்கும்போதெல்லாம் ஒரே தவறு கண்ணில் படுகிறது. ரிட்டர்டாண்டோ, ரல்லென்டாண்டோ, ரிட்டெனூட்டோ, அல்லார்கண்டோ என மேற்கத்திய இசைக்குறிப்புகளில் வரும் இத்தாலியச் சொற்கள் அனைத்திற்கும் 'மெதுவாக' என்று ஒரே பொருளை நோட்டில் எழுதிவைத்து மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். மெதுவான வேகத்தைக் குறிக்க லென்ட்டோ என்ற சொல் தனியாக இருக்கிறது. இவையோ வேகம் மாறுவதைச் சொல்பவை.

'ஆண்டோ' என்று முடியும் சொற்களைத் தமிழின் 'கொண்டே'யோடு சேர்த்து நினைவில் வைக்கச் சொல்கிறேன். ரல்லென்டாண்டோ என்றால் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போவது. ரிட்டர்டாண்டோ தாமதித்துக்கொண்டே போவது. அல்லார்கண்டோ அகலமாக்கிக்கொண்டே போவது, பெரும்பாலும் ஒலியும் அதோடு பெருகும். கலாண்டோவில் வேகத்தோடு ஒலியும் தணியும். ரிட்டெனூட்டோ மட்டும் 'பிடித்துவைக்கப்பட்டது' என்ற பொருள் தருவதால், அங்கே வேகம் உடனே குறைய வேண்டும். 'ரிட்.' என்ற சுருக்கம் பெரும்பாலும் ரிட்டர்டாண்டோதான் என்றாலும், சில பதிப்புகளில் அது ரிட்டெனூட்டோவையும் குறிக்கும்; பின்னால் புள்ளிக்கோடு நீண்டிருந்தால், அந்தக் கோடு முடியும்வரை படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று கொள்ளலாம்.

கர்நாடக சங்கீதம் பயின்றுவிட்டு வந்த 12 வயதுச் சிறுவன் ஒருவன், 'ரிட்.' வந்ததும் சட்டென்று பாதி வேகத்துக்கு இறங்கினான். காலப்பிரமாணத்தை, அதாவது சீரான வேகத்தை, கட்டிக்காத்துப் பழகியவனுக்கு, முதல் காலம், இரண்டாம் காலம் என்று ஒரு வேகநிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதுதான் வேகமாற்றம். அதை நான் குறையாகக் கருதவில்லை, நல்ல பயிற்சியின் அடையாளம் அது. மாம்பலம் நிலையத்துக்குள் எலக்ட்ரிக் ரயில் படிப்படியாக வேகம் குறைந்து நுழைவதைக் கவனித்துவரச் சொன்னேன். பிறகு இடது கையின் குவேவர்களை (அரைத்தட்டு நீளமுள்ள சுரங்களை) 'ஒன்று-உம், இரண்டு-உம்' என்று உரக்க எண்ணவைத்து, ஒவ்வொரு 'உம்'மையும் முந்தையதைவிட ஓர் இழை நீட்டவைத்தேன். நிமிடத்துக்கு 96 தட்டுகள் என்று தொடங்கிய வேகம் இரண்டு பார்களில் (இசைக்குறிப்பில் செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதிகளில்) ஏறக்குறைய 60-க்கு வழுக்கி வந்தது.

அதைவிடக் கடினமானது அடுத்து வரும் 'ஆ டெம்போ', அதாவது பழைய வேகத்துக்குத் திரும்புவது. சீராகத் தட்டி வேகம் காட்டும் கருவியான சாதாரண மெட்ரோனோம் தானாக வேகம் குறைக்காது என்பதால், 'ரிட்.' பகுதியில் அதை நிறுத்திவிட்டு, 'ஆ டெம்போ' தொடங்கியதும் மீண்டும் 96-இல் ஓடவிட்டுச் சரிபார்த்தோம். முதல் இரண்டு முறை பின்தங்கினான். மூன்றாம் முறை மெட்ரோனோமின் 'டிக்' ஓசையும் அவன் விரலும் ஒன்றாக விழுந்தன.