எதிரழுத்தம்: 'பேக் பிரஷர்' என்பதற்குத் தமிழ்

ஆலைகளில் 'பேக் பிரஷர்' என்று வழங்குவதைச் சிலர் 'பின்னழுத்தம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 'பின்' என்றதும் நமக்குப் பிந்தியதோ பின்னால் இருப்பதோதான் தோன்றும். இங்கே 'பேக்' என்பது வந்த வழியே திருப்பித் தள்ளுவதைக் குறிக்கிறது. நீராவி எஞ்சினில், வெளியேறும் பக்கத்து நீராவி பிஸ்டனை எதிர்த்து அழுத்துவதை இச்சொல்லால் சுட்டினார்கள். எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவருக்கு 'எதிரழுத்தம்' உடனே விளங்கும். ஆனால் 'எதிர்மின்' (நெகட்டிவ்) என்பதைப் போல இதையும் சுழிக்குக் கீழான அழுத்தம் என்று மாணவர்கள் மயங்கக்கூடும். முதல் முறை ஒரு வரி விளக்கம் தந்தால் போதும்.

குக்கரின் வெயிட் தூக்கினால் ஆவி நேரே அடுக்களைக் காற்றில் கலந்துவிடும். ஆலையின் பாதுகாப்பு வால்வுக்கு அந்த வசதி இல்லை. எரிவாயுவை நீண்ட குழாய் வழியே, அதை எரித்துவிடும் எரிகோபுரம் வரை அனுப்ப வேண்டும். அந்தக் குழாயில் நிலவும் அழுத்தமே எதிரழுத்தம். சாதாரண ஸ்பிரிங் வால்வில் அது மூடியின் முதுகில் ஸ்பிரிங்குடன் சேர்ந்து அழுத்தும்.

இதில் இரண்டு வகை உண்டு. வால்வு திறக்கும் முன்பே குழாயில் இருப்பதை 'முன்னிருப்பு எதிரழுத்தம்' எனலாம். திறந்தபின் ஓட்டத்தால் உருவாவது 'ஓட்ட எதிரழுத்தம்'. ஒரே பொதுக்குழாயில் பல வால்வுகள் சேர்ந்தால், ஒன்றின் ஓட்டம் மற்றொன்றுக்கு முன்னிருப்பாகிவிடும்.

கணக்கைக் குழாயின் கடைசி முனையிலிருந்து தொடங்குவது வழக்கம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் தெரியும். வாயு ஒலியின் வேகத்தைத் தொட்டால் மட்டும் முனையின் அழுத்தம் அதைவிடக் கூடுதலாக நிற்கும். அங்கிருந்து வால்வை நோக்கித் துண்டு துண்டாக வந்து, ஒவ்வொரு நேர்குழாயிலும் வளைவிலும் உராய்வால் இழக்கும் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். இழப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். கணக்கில் எடுக்க வேண்டியது ஆலைக்குத் தேவைப்படும் ஓட்டத்தை அன்று, ஸ்பிரிங் வால்வு முழுதாகத் திறந்தால் விடக்கூடிய ஓட்டத்தை. பலர் தவறுவது இங்கேதான்.

10 பார் அழுத்தத்தில் திறக்கும் சாதாரண வால்வுக்கு 10% கூடுதல் அழுத்தம் அனுமதி என்றால், ஓட்ட எதிரழுத்தம் 1 பாரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மூடி படபடவென்று அடித்துக்கொண்டு, அது வந்து உட்காரும் இருக்கை சிதையும். குழாயைப் பெரிதாக்கலாம், அல்லது மூடியின் முதுகை எதிரழுத்தம் தொடாதபடி மறைக்கும் மடிப்புக் குழல் கொண்ட வால்வைப் போடலாம். அதை ஆங்கிலத்தில் 'பெல்லோஸ்' என்பார்கள். அதற்குச் சொல் தேட வேண்டியதே இல்லை. கொல்லுப்பட்டறையில் இருக்கிறது: துருத்தி.