தேர்தல் வேலை பார்த்தவர் தேர்தலில் நிற்கலாமா?

இங்கே தென்னாப்பிரிக்காவில் உள்ளாட்சித் தேர்தல் நெருங்கினால் போதும், என் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்வி வேறு வேறு ஆட்களிடமிருந்து வரும். "போன தேர்தலில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலரா இருந்தேன் அண்ணா. இப்போ வார்டு கவுன்சிலருக்கு நிற்கச் சொல்றாங்க. நிற்கலாமா? பின்னால கேஸ் கீஸ் வருமா?" கேட்பவர் பெரும்பாலும் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஆசிரியராக இருப்பார். இல்லையென்றால் டோங்காட் பக்கம் கோயில் கமிட்டியில் இருப்பவர், ஓய்வு பெற்ற செவிலியர், வேலை தேடிக்கொண்டிருக்கும் பட்டதாரி. தேர்தல் ஆணையம் சாவடி வேலைக்கு எடுப்பதும் இவர்களைத்தான், கட்சிகள் வேட்பாளராகத் தேடுவதும் இவர்களைத்தான். ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த முகம், கணக்கு வழக்கு எழுதத் தெரிந்தவர் என்றால் இரண்டு பக்கமும் கூப்பிடத்தான் செய்யும்.

நான் டர்பனில் வழக்கறிஞர். உள்ளாட்சிச் சட்டம்தான் அன்றாட வேலை. தேர்தல் காலத்தில் எந்தக் கட்சி கூப்பிட்டாலும் அவர்களுடைய முகவர்களுக்கு வகுப்பு எடுப்பேன். அதனால் இந்தக் கேள்வியின் இரண்டு பக்கமும் எனக்கு வந்து சேரும்.

நேரடியான பதில்: நிற்கலாம். நம் அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு கட்சியில் சேரவும், பிரசாரம் செய்யவும், வாக்களிக்கவும், பொதுப் பதவிக்குப் போட்டியிடவும் வயது வந்த குடிமக்களுக்கு உரிமை கொடுக்கிறது. ஒரு நாள் சாவடியில் உட்கார்ந்ததற்காக அந்த உரிமை போய்விடாது. 1998ஆம் ஆண்டின் தேர்தல் சட்டம் போடும் தடை வேறு திசையில் இருக்கிறது. வேட்பாளரையோ, கட்சி முகவரையோ, பதிவு பெற்ற கட்சியில் பதவி வகிப்பவரையோ தேர்தல் அலுவலராக நியமிக்கக் கூடாது. நியமிக்கப்பட்டவர் எந்தக் கட்சிக்கும் ஆதரவாகவோ எதிராகவோ நடக்கக் கூடாது; நேரடியாகவும் கூடாது, சுற்றி வளைத்தும் கூடாது. தன் நடுநிலையைப் பற்றிப் பிறருக்குச் சந்தேகம் வரும்படி பேசவோ பழகவோ கூடாது. அதாவது, உள்ளே இருக்கும்வரை கயிறு இறுக்கமாகத்தான் இருக்கிறது.

சரி, எப்போது வெளியே வந்ததாகக் கணக்கு? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வாக்கு எண்ணி முடித்து, முடிவுத் தாளில் கையெழுத்துப் போட்டு, அதைச் சாவடிக் கதவில் ஒட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஆனால் பதிவேட்டில் பெயர் இருக்கும். இடைத்தேர்தல் வந்தால் கூப்பிடுவார்கள், வாக்காளர் பதிவு வார இறுதிக்குக் கூப்பிடுவார்கள், புதுக் கருவிக்குப் பயிற்சி என்று கூப்பிடுவார்கள். சனிக்கிழமை பதிவு முகாமில் கருவியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர், புதன்கிழமை மாலை கட்சிக் கிளைக் கூட்டத்தில் தன் பெயரை முன்மொழிய வைத்தால், எந்தச் சட்டப் பிரிவின் கீழ் என்ன என்று வாதாடிக்கொண்டிருக்கத் தேவையே இல்லை. எதிர்க்கட்சிக்காரர் ஒரு புகைப்படம் எடுத்தால் போதும்.

ஆகவே என்னிடம் வருபவர்களிடம் முதலில் கேட்பது விலகல் கடிதம். கட்சியோடு பேச்சு தொடங்குமுன் நகராட்சித் தேர்தல் அதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல் போகட்டும்: இனி எந்தத் தேர்தல் பணிக்கும் என்னை அழைக்க வேண்டாம், பெயரை நீக்கிவிடுங்கள் என்று. இரண்டே வரி. சாவடிப் பணியாளர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறுவது அப்புறம். அதற்குமுன் அதிலிருந்த பட்டியல், படம் எல்லாவற்றையும் போனிலிருந்து அழிக்க வேண்டும். இதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். கட்சி நேர்காணலுக்குப் போன தேதியும் அந்த மின்னஞ்சல் போன தேதியும் பின்னால் ஒரு நாள் அருகருகே வைத்துப் பார்க்கப்படும் என்று சொன்னால் சிரிப்பு நின்றுவிடும்.

பட்டியல் என்றதும் வீட்டு வாக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதியவர்களும் நோயாளிகளும் முன்கூட்டியே விண்ணப்பித்தால், வாக்குப்பதிவுக்கு முந்தைய இரண்டு நாட்களில் அலுவலர்கள் வீட்டுக்கே சீட்டைக் கொண்டுபோவார்கள். 2021 உள்ளாட்சித் தேர்தலில் அக்டோபர் 30, 31 ஆகிய நாட்களில் இது நடந்தது. மாநகரத்தில் ஒருவருக்கு இரண்டு சீட்டு. வார்டுக்கு ஒன்று, கட்சிப் பட்டியலுக்கு ஒன்று. குறித்த சீட்டு பெயரில்லாத உறைக்குள் போகும். அந்த உறை, பெயரும் அடையாள எண்ணும் எழுதிய இன்னொரு உறைக்குள் போகும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் கை நடுங்கும் ஒரு ஆயா "எனக்கு இவங்களுக்குத்தான் போடணும், நீயே குறிச்சிடு தம்பி" என்று வாய்விட்டுச் சொல்லும்போது, அந்தத் தம்பியின் காதை எந்த உறையில் போடுவது?

இப்படி வீடு வீடாகப் போன ஒருவர் அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் சுயேச்சையாக நிற்கத் தீர்மானித்தார். வார்டில் சுயேச்சை நிற்க, அந்த வார்டின் வாக்காளர்கள் 50 பேர் கையெழுத்து வேண்டும். அவர் முதலில் போனது, முன்பு பெட்டியோடு போன அதே வீடுகளுக்கு. ஒரு வீட்டில் ஆயா கையெழுத்தும் போட்டு, டீயும் கொடுத்து அனுப்பிவிட்டு, மாலையில் மகனிடம் சொன்னாராம்: "கவர்மெண்ட் தம்பி வந்தார்பா. இந்தத் தடவை அவருக்குத்தான் போடணுமாம்." மகன் கோபத்தோடு எனக்குப் போன் செய்தார்.

சட்டப்படி பார்த்தால் வாசல் வாசலாகப் போய் ஓட்டுக் கேட்பது குற்றமில்லை. கையில் வைத்திருந்த பழைய பட்டியலைப் பார்த்துப் போனாரா, ஞாபகத்தில் இருந்த வீடுகளுக்குப் போனாரா என்பதில்தான் வித்தியாசம். ஞாபகம் என்றார் அவர். இல்லையென்று யார் நிரூபிப்பது? ஆனால் அந்த ஆயா கையெழுத்துப் போட்டது வேட்பாளருக்கு அல்ல, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வந்த அலுவலருக்கு. அவருக்கு நான் சொல்லியிருக்கக்கூடிய யோசனை எளிது: 50 கையெழுத்தையும் நீங்கள் அலுவலராகக் காலடி வைக்காத தெருக்களில் வாங்குங்கள். கொஞ்சம் அதிகம் நடக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

யார் யாருக்குப் போட்டார் என்ற ரகசியத்துக்கு காலாவதித் தேதி கிடையாது. பணி முடிந்தபின் சொன்னாலும் அது ரகசியத்தை மீறியதுதான். வாக்காளர் பட்டியலும் அப்படியே. போட்டியிடும் கட்சிகளுக்கும் வேட்பாளர்களுக்கும் ஆணையமே முறைப்படி பிரதி தருகிறது. தேர்தல் காரியத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம். அப்படியிருக்க, சாவடியில் பேனாவால் கோடு போட்ட, யார் வந்தார் யார் வரவில்லை என்று தெரிகிற பிரதியின் புகைப்படத்தைப் போனில் வைத்திருப்பது வெறும் வம்பு. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழுமையாக அமலில் இருப்பதையும் மறக்க வேண்டாம். 2024 பொதுத் தேர்தலுக்கு முன், மார்ச் மாதத்தில், கட்சிகளின் வேட்பாளர் பட்டியல்கள் வெளியே கசிந்தபோது ஆணையம் தன் ஊழியர் ஒருவரை வேலையை விட்டே நீக்கியது.

இன்னொரு சிக்கல் தேர்தல் வேலையால் வருவதில்லை, நிரந்தர வேலையால் வருகிறது. நகராட்சியில் சம்பளம் வாங்குபவர் அதே நகராட்சியின் கவுன்சிலராக இருக்க முடியாது; அரசியலமைப்பின் 158ஆம் பிரிவு. நகராட்சி ஊழியர் யாரும் கட்சியில் பதவி வகிக்கக் கூடாது என்று 2022இல் ஒரு திருத்தச் சட்டம் வந்தது. தொழிற்சங்கம் அதை எதிர்த்து நீதிமன்றம் போனது. தேர்தல் பணிக்கு நகராட்சி ஊழியர்களும் வருவதால், "ஆணையத்திலிருந்து விலகிவிட்டேன்" என்று நிம்மதியாக வந்தவரை மாதச் சம்பளச் சீட்டு பிடித்துக்கொள்ளும். ஆசிரியர்களுக்கு விதிகள் வேறு. அவரவர் நியமனக் கடிதத்தைப் பார்க்காமல் நான் பதில் சொல்வதில்லை.

மேல்மட்டத்துக்கு வருவோம். ஆணையத்தில் ஐந்து ஆணையர்கள், அவர்களில் ஒருவர் நீதிபதி, பதவிக் காலம் ஏழு ஆண்டு. பதவியில் இருக்கும்போது எந்த அரசியல் பதவிக்கும் அவர்கள் பெயர் முன்மொழியப்படக் கூடாது. பணியில் அறிந்த ரகசியத்தைச் சொந்த லாபத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. நம் நாட்டில் சண்டை நடந்ததெல்லாம் பெரும்பாலும் உள்ளே வரும் கதவைப் பற்றித்தான். நியமிக்கப்படுபவர் "அந்தச் சமயத்தில்" பெரிய கட்சி அடையாளம் உள்ளவராக இருக்கக் கூடாது என்கிறது 1996ஆம் ஆண்டுச் சட்டம். அந்தச் சமயம் என்றால் எந்தச் சமயம்? அதிபர் ஜூமாவின் ஆலோசகராக இருந்த மஷினினி 2015இல் ஆணையத்துக்கு வந்தபோது எதிர்க்கட்சிகள் எதிர்த்தன. பிறகு அவரே தலைவருமானார். 1994 முதல் ஆளுங்கட்சி எம்.பி.யாக இருந்த ஜேனட் லவ் பல ஆண்டு கழித்து ஆணையராகி, துணைத் தலைவரானார். 2024இல் அந்தப் பழைய எம்.பி. பதவியையும் சொல்லி அவரைக் குறிவைத்தார்கள். ஜூமா போட்டியிடும் தகுதியைப் பற்றி அவர் முன்கூட்டியே பேசினார் என்பதும் புகார். ஆனால் பழைய சட்டையும் கேள்விக்கு வந்து நின்றது.

வெளியே போகும் கதவுக்கு உதாரணம் தேடினால், தமிழர்களாகிய நமக்கு முதலில் ஞாபகம் வருவது சேஷன். 1990 முதல் 1996 வரை இந்தியாவின் தலைமைத் தேர்தல் ஆணையர். கட்சிகளை நடுங்க வைத்தவர். 1997இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று கே.ஆர். நாராயணனிடம் தோற்றார். 1999இல் காங்கிரஸ் சார்பில் காந்திநகரில் அத்வானியை எதிர்த்து நின்று தோற்றார். அவருக்குப் பின் ஆணையராக இருந்த எம்.எஸ். கில் 2004இல் காங்கிரஸ் மாநிலங்களவை உறுப்பினர், 2008இல் அமைச்சர். இருவருமே சட்டத்தை மீறவில்லை. தடுக்கும் சட்டமே அங்கே இருக்கவில்லை. 1990இலேயே தினேஷ் கோஸ்வாமி குழு, ஓய்வு பெற்ற தலைமை ஆணையருக்கு ஆளுநர் பதவி உட்பட எந்த அரசு நியமனமும் கொடுக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே நின்றது. பக்கத்தில் பாகிஸ்தான், தன் அரசியலமைப்பின் 216ஆம் பிரிவில், ஆணையர் பதவி முடிந்து இரண்டு ஆண்டு ஆகும்வரை ஆதாயம் தரும் அரசுப் பதவி கூடாது என்று எழுதி வைத்திருக்கிறது. அங்கே தேர்தல் ஒழுங்காக நடக்கிறதா என்பது வேறு கதை.

என் கருத்தைக் கேட்டால், பதவி முடிந்தபின் காத்திருக்க வேண்டிய இந்தக் கூலிங் ஆஃப் காலம் ஆணையர்களுக்கும் தலைமை அதிகாரிகளுக்கும் அவசியம். வேட்பாளர் பட்டியலை ஏற்பதும் நிராகரிப்பதும், புகார்களைத் தீர்ப்பதும் அவர்கள் கையில். நாளைக்கு ஒரு கட்சி சீட்டுத் தரும் என்ற நினைப்பு இன்றைக்கு ஒரு கோப்பின் மேல் நிழலாக விழக் கூடாது. ஆனால் இதே விதியைச் சாவடி அலுவலர்மீதும் போடச் சொல்லும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாடு முழுக்க 23,000க்கும் மேல் வாக்குச்சாவடிகள். இரண்டு மூன்று நாள் கூலிக்காகத் தங்கள் அரசியல் உரிமையை இரண்டு ஆண்டுக்கு அடகு வைக்கச் சொன்னால், விவரம் தெரிந்தவர்கள் வேலைக்கே வர மாட்டார்கள். யார் வருவார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. அவர்களுக்கு ஒரு சின்ன விதி போதும்: அலுவலராக இருந்த அதே வார்டில், அடுத்து வரும் ஒரு தேர்தலில் மட்டும் நிற்காதே. டர்பனை உள்ளடக்கிய எதெக்வினி மாநகரில் மட்டும் 2021இல் 111 வார்டுகள் இருந்தன. பக்கத்து வார்டுக்குப் போவது ஒன்றும் நாடு கடத்தல் இல்லை. இன்று அப்படி ஒரு விதி இல்லை. கட்சிகள் நினைத்தால் சட்டத்துக்குக் காத்திராமல் தங்கள் வேட்பாளர் தேர்வில் இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

2024 மே தேர்தலுக்குப் பிறகு நம் குவாசுலு-நடாலில் நிலைமை மாறியிருக்கிறது. புதிதாக வந்த, முன்னாள் அதிபர் ஜூமாவின் எம்.கே. கட்சி மாகாணத்தில் 45 சதவீதம் வாக்கு வாங்கியும், எண்ணிக்கையில் மோசடி என்று வழக்குப் போட்டது. பிறகு அதைத் திரும்பப் பெற்றது. வழக்கு போய்விட்டது, சந்தேகம் தெருவில் நிற்கிறது. அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் சாவடிக்குள் உட்காரும் நம் ஆசிரியர்களைத்தான் அது முதலில் வந்து தொடும். 2021 நவம்பரில் தேர்வான கவுன்சில்களுக்கு ஐந்தாண்டுதான் ஆயுள்; அது முடிந்த 90 நாளுக்குள் தேர்தல் வைத்தாக வேண்டும்.

கடைசியாக, வகுப்புகளில் அடிக்கடி வரும் ஒரு கேள்வி: கணவர் வேட்பாளர், மனைவி பல ஆண்டாகச் சாவடி அலுவலர், என்ன செய்வது? மனைவி வேலையை விட வேண்டியதில்லை. ஆனால் கணவர் நிற்கும் வார்டில் உட்கார வேண்டாம். வேட்புமனு கொடுத்த அன்றே தேர்தல் அதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்து, வேறு வார்டு கேளுங்கள். பயிற்சி தொடங்குமுன் சொன்னால் மாற்றிக் கொடுப்பது எளிது. பயிற்சி முடிந்து சாவடி ஒதுக்கியபின் சொன்னால், அதிகாரிக்கு வேறு ஆள் கிடைக்க மாட்டார். உங்கள் பெயரை, ஆணையமும் கட்சிகளும் சந்தித்துப் பேசும் தொடர்புக் குழுவில் எதிர்க்கட்சிக்காரர் எழுப்பியிருப்பார்.