ஒரே பேச்சில் நாலு செட்டு

கோவையை அடுத்த சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டும் நண்பர் ஒருவர் போனில் பேசிக்கொண்டிருந்தார்: "தறி செட்டுலதான் இருக்கறனுங்க. எங்க செட்டுப் பையன் பம்ப்செட்டு பார்க்க வந்திருக்கறானுங்க. புது மோட்டாரு, இன்னும் செட்டாகுலீங்க."

நாலு செட்டு, நாலு பொருள். கேட்டவர் எங்கேயும் தடுமாறியதாகத் தெரியவில்லை. எந்தப் பையன் என்று மட்டும் கேட்டிருப்பார் போல, நண்பர் பேரைச் சொன்னார்.

1989இல் வந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற சொல்லுக்குத்தான். வினைச்சொல்லாக மட்டுமே சுமார் 430 பொருள்கள். அவற்றை விளக்க ஏறக்குறைய 60,000 சொற்கள் தேவைப்பட்டன.

இத்தனையும் எங்கிருந்து வந்தன? தமிழர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஓடு என்றால் தானாக ஓடுவது, ஓட்டு என்றால் ஓட வைப்பது. ஆடு, ஆட்டு என்பதும் அப்படித்தான். நாம் மெய்யை இரட்டிக்கிறோம், ஆங்கிலம் பிறந்த பழைய ஜெர்மானிய மொழிகள் உயிரை மாற்றின. 'சிட்' என்றால் உட்கார், 'செட்' என்றால் உட்கார வை. மோதிரத்தில் கல்லை உட்கார வைத்தாலும், கடிகாரத்தில் முள்ளைச் சரியான இடத்தில் நிறுத்தினாலும், முறிந்த எலும்பைச் சேர்த்து வைத்தாலும் செட்தான். தமிழில் 'வை' இதே வேலையைச் செய்கிறது: குழம்பு வைக்கிறோம், பொட்டு வைக்கிறோம், பேர் வைக்கிறோம், மீசையும் வைக்கிறோம். நண்பர் சொன்ன 'செட்டாகுல' இந்த வழியில் வந்தது. மோட்டார் இன்னும் சரியாக உட்காரவில்லை.

பம்ப்செட்டும் 'எங்க செட்டு'ம் வேறு வழி. பின்தொடர்பவர்கள் என்று பொருள்படும் 'செக்டா' என்ற லத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போய், கூட்டம், தொகுதி என்ற பொருளில் நின்றது. ஒலி ஒத்துப்போகவே ஜெர்மானியச் சொல்லோடு கலந்துவிட்டது.

இந்தக் கலப்பு கொங்கு நாட்டில் இன்னொரு தடவை நடந்திருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தறி செட்டு உண்மையில் 'ஷெட்'. ஷிப்டு சிப்டு ஆனது போல ஷெட்டும் செட்டு ஆயிற்று. அந்த ஷெட், நிழலைக் குறிக்கும் 'ஷேட்' என்ற சொல்லின் திரிபு. நீளவாக்கில் ஓடும் பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிந்து, குறுக்கு நூலை இழுத்துப் போகும் நாடாவுக்கு வழிவிடும் இடைவெளிக்கும் நெசவுப் பாடநூல்களில் ஷெட் என்றுதான் பெயர். ஆனால் அது பிரித்தல் என்ற பொருளுள்ள வேறொரு பழைய சொல். ஆக, தறி செட்டுக்குள்ளேயே ஒரு ஷெட் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது.

1945இல் ஜார்ஜ் ஜிஃப் என்ற அமெரிக்க மொழியியலாளர் ஒரு கணக்கைக் காட்டினார். 4 மடங்கு அதிகம் புழங்கும் சொல்லுக்குப் பொருள்கள் ஏறக்குறைய 2 மடங்கு இருக்கும். புழங்கப் புழங்கப் பொருள் பெருகுகிறது.

சரி, கேட்பவர் ஏன் குழம்புவதில்லை? 1979இல் டேவிட் ஸ்வின்னி என்ற உளவியலாளர் சோதித்துப் பார்த்தார். 'பக்' என்றால் ஆங்கிலத்தில் பூச்சி, ஒட்டுக்கேட்கும் கருவி இரண்டும்தான். சிலந்தி, கரப்பான் என்று பூச்சிகளைப் பற்றியே வாக்கியம் போனாலும், அந்தச் சொல் காதில் விழும் கணத்தில் இரண்டு பொருளும் மனதில் எழுந்தன. மூன்று அசை தள்ளிச் சோதித்தபோது பூச்சி மட்டும் மிஞ்சியது. போனின் மறுமுனையில் இருந்தவருக்கும் ஒவ்வொரு செட்டிலும் இதேதான் நடந்திருக்கும். தறியும் பையனும் மோட்டாரும் ஒரே மூச்சில் வந்து விழ, பொருந்தாத பொருள்கள் அவர் அறியாமலே உதிர்ந்திருக்கும்.