கடைமடைக்குத் தண்ணீர் விடாத செடி

கானாடுகாத்தான் பக்கம் அப்பத்தா வீட்டின் பின்கட்டைத் தாண்டினால் ஒரு பழைய மாமரம். "ஒரே மரத்துல ரெண்டு எலை இருக்கு, பாத்தியாப்பா" என்று அப்பத்தாதான் முதலில் காட்டினார். மரமெங்கும் நீண்ட மாவிலை. ஒரு கிளையில் மட்டும் தடித்த, சாம்பல் பூத்தாற்போன்ற இலைகள், செம்மஞ்சள் நிறத்தில் வளைந்த குழல் பூக்கள். புல்லுருவி.

தாவரவியலில் இதற்கு டென்ட்ரோப்தே ஃபால்கேட்டா என்று பெயர். மரத்தை நலியச் செய்வது என்பது முதல் சொல்லின் பொருள். அரிவாள்போல் வளைந்தது என்பது இரண்டாவது. லொராந்தேசியே குடும்பம். மா, வேம்பு என்று 300க்கும் மேற்பட்ட மர வகைகளில் இது ஒட்டி வளர்கிறது.

ஊரான் உழைப்பில் சாப்பிடுகிறவனைப் புல்லுருவி என்று திட்டுகிறோம். உண்மையில் இந்தச் செடி தன் சாப்பாட்டில் பெரும்பகுதியைத் தானே சமைத்துக்கொள்கிறது. இலை பச்சையாக இருக்கிறதே, வெயிலை வைத்துச் சர்க்கரை செய்ய அது போதும். அதனிடம் இல்லாதது மண்ணில் இறங்கும் வேர். எனவே அது எடுப்பது தண்ணீரையும், தண்ணீரில் கரைந்து வரும் சத்துகளையும். அரை ஒட்டுண்ணி என்று சொல்வது அதனால்தான்.

மண்ணைத் தொடாமல் அவ்வளவு உயரத்தில் எப்படி முளைக்கிறது? அங்கே பூங்கொத்தி வருகிறது. 8 செ.மீ. நீளம்தான் இருக்கும், நம் நாட்டின் மிகச் சிறிய பறவைகளில் ஒன்று. இளஞ்சிவப்பாய்ப் பழுத்த பழத்தை அது விழுங்குகிறது. சதை செரிக்கிறது, விதையைச் சுற்றியுள்ள பசை செரிப்பதில்லை. சில நிமிடங்களில் எச்சத்தோடு வெளியே வரும் விதை பறவையின் உடம்பிலேயே ஒட்டிக்கொள்ளும். விடுபடுவதற்காகக் கிளையில் பின்புறத்தைத் தேய்க்கிறது பறவை. அந்தத் தேய்ப்பில் விதை நட்டாகிவிட்டது!

விதையிலிருந்து ஒரு பச்சைத் தண்டு நீட்டும். மற்ற முளைகள் வெளிச்சத்தைத் தேடும்; இது வெளிச்சத்துக்கு முதுகு காட்டிப் பட்டையை நோக்கி வளையும். பட்டையில் முட்டியதும் நுனி தட்டையாகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அதன் அடியிலிருந்து உறிஞ்சு வேர் பட்டையைத் துளைத்து, மரத்தின் நீர்க்குழாய்களோடு இணைந்துவிடும். சேர்ந்த இடம் வீங்கி முண்டாகத் திரளும். அதோடு நிற்பதில்லை, பட்டையின் மேலேயே வேர்களை ஓடவிட்டு, வழியில் பல இடங்களில் துளைபோடும். பழந்தமிழில் புல்லுதல் என்றால் தழுவுதல். அந்த ஓடுவேர்களைக் கிட்டப்போய்ப் பார்த்தபோது எனக்கு அந்தச் சொல்தான் நினைவுக்கு வந்தது.

சரி, தண்ணீரை எப்படித் தன் பக்கம் இழுக்கிறது? இலைத்துளைகள் வழியே ஈரம் ஆவியாகப் போகப் போக, கீழிருந்து நீர் மேலேறும். வறட்சி வந்தால் மாமரம் துளைகளை மூடிச் சிக்கனம் பிடிக்கும். புல்லுருவி அந்த அளவுக்கு மூடுவதில்லை. பொட்டாசியம் முதலான உப்புகளையும் இலையில் சேர்த்து வைத்திருப்பதால் அதன் இழுவிசை எப்போதும் ஒரு படி கூடுதல்.

ஊருணியை நம்பி வாழ்ந்த சீமைக்கு இதை விளக்கவே வேண்டாம். வரத்துக்காலை நடுவில் உடைத்து ஒருவர் தன் பக்கம் திருப்பிக்கொண்டால் கடைமடை காயும். கிளையிலும் அப்படித்தான்: முண்டுக்கு அப்பால் இருக்கும் நுனி முதலில் இளைக்கும், காய்ப்பு குறையும், கடைசியில் பட்டுப்போகும். கோடையில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

பூவும் பறவையை நம்பியதுதான். முற்றிய மொட்டின் நுனியைப் பூங்கொத்தி அலகால் அழுத்தினால் மொட்டு சட்டென்று வெடித்து, மகரந்தம் அதன் முகத்தில் தெறிக்கும். தேன்சிட்டுகளும் வரும். காமன் ஜெசபெல் என்ற பட்டாம்பூச்சி இதன் இலையில் கூட்டமாக முட்டையிடும். புழுக்களுக்கு இந்த இலைதான் உணவு.

அதனால் எல்லாவற்றையும் வெட்டித் தள்ளுவதில் எனக்குச் சம்மதமில்லை. காய்க்கிற மரம் என்றால் பழம் பழுப்பதற்கு முன்பே வெட்டிவிட வேண்டும். செடியை மட்டும் ஒடித்தால் உள்ளே இருக்கும் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். முண்டுக்கும் ஓடுவேருக்கும் கீழே ஒரு முழம் விட்டுக் கிளையோடு எடுக்க வேண்டும். அப்பத்தாவின் மாமரத்தில் அப்படித்தான் எடுத்தோம். ஊருணிக்கரை வேம்பில் இருந்ததைத் தொடவில்லை. போன வாரம் அதன் இலையடியில் மஞ்சள் முட்டைகள் வரிசையாக ஒட்டியிருந்தன.