கிணற்றுத் தண்ணீரில் இரும்பு எவ்வளவு? ஒளி சொல்லும் கணக்கு

வன்னியில் சில குழாய்க்கிணறுகளில் தண்ணீர் அடிக்கும்போது பளிங்குபோல வரும். வாளியில் கொஞ்ச நேரம் வைத்தால் அடியில் செம்பழுப்பு மண்டி. பிள்ளைகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையும் கழுவக் கழுவப் பழுப்பேறும். காற்றுப் படாத நிலத்தடியில் இரும்பு நிறமில்லாமல் கரைந்து கிடக்கும். மேலே வந்து ஒட்சிசன் பட்டதும் துருவாகிப் படியும். இரும்பு இருப்பதை நாக்கே சொல்லிவிடும். எவ்வளவு என்பதுதான் சிக்கல். லீற்றருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே துணியில் கறை பிடிக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இதைத் தராசில் நிறுக்க முடியாது. அதனால் இரும்புக்கு நிறம் ஏற்றுகிறார்கள். முதலில் ஐதரொட்சிலமைன் சேர்த்தால், துருப்பிடிக்கத் தொடங்கிய இரும்பும் பழையபடி பெரசு அயனாகிவிடும், அதாவது நிலத்தடியில் கரைந்து கிடந்த அதே வடிவம். அப்புறம் பினாந்திரோலின் என்ற நிறமேற்றும் சேர்வை. அதன் மூன்று மூலக்கூறுகள் ஓர் இரும்பு அயனைச் சூழ்ந்து பிடிக்க, தண்ணீர் செம்மஞ்சளாகும்.

செம்மஞ்சளாகத் தெரிவது நீலப்பச்சை ஒளியை விழுங்குவதால்தான். எனவே 510 நானோமீற்றர் அலைநீள ஒளியை அதனூடாகச் செலுத்தி, மறுபக்கம் எவ்வளவு வருகிறதென்று பார்க்கிறார்கள். லீற்றருக்கு 1 மில்லிகிராம் இரும்பு, 1 சென்ரிமீற்றர் தடிப்பான கலம் என்றால் ஏறத்தாழ 63 வீதம் வரும். இரும்பு 2 மில்லிகிராமானால்? 26 வீதம் என்று கழித்துவிட வேண்டாம். வருவது 40 வீதம். இரண்டாவது மில்லிகிராம் மிஞ்சிய ஒளியில்தான் தன் பங்கை எடுக்கிறது. வீதத்தை விட்டு மடக்கைக்குப் போனால் கணக்கு நேராகிவிடும்: உறிஞ்சல் (மறுபக்கம் வந்த ஒளிப் பங்கின் மடக்கை, குறி மாற்றி) 1 மில்லிகிராமுக்கு 0.2, 2 மில்லிகிராமுக்கு 0.4. பியர், லம்பேட் விதி என்பது இதுதான்.

0.3 மில்லிகிராமுக்கு 87 வீத ஒளி வந்துவிடும், வித்தியாசம் சொற்பம். 5 சென்ரிமீற்றர் கலத்தில் பார்த்தால் பாதிதான் வரும், அளப்பது எளிது. செறிவு தெரிந்த நியமக் கரைசல்களை முதலில் அளந்து, செறிவுக்கு எதிரே உறிஞ்சலைக் குறித்துக் கோடு கீறி, நம் தண்ணீரை அதில் வைத்துப் பார்த்தால் விடை.

என்னைக் கேட்டால், கருவியை விடப் போத்தலைத்தான் கவனிக்க வேண்டும். கிணற்றடியிலேயே கொஞ்சம் அமிலம் சேர்க்காமல் முல்லைத்தீவு வெயிலில் கொண்டுபோனால், இரும்பு வழியிலேயே துருவாகிப் போத்தல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆய்வுகூடத்தில் மேல் தண்ணீரை மட்டும் ஊற்றி அளந்தால் கிணறு நல்ல கிணறாகிவிடும்.