சார்ஜர் எர்த் கேட்டால் எர்த் கொடுங்கள், நியூட்ரலைக் கொடுக்காதீர்கள்

போன வாரம் மறுபடியும் அதே வேலை. புது எலெக்ட்ரிக் கார், போர்ட்டிகோவில் 16 ஆம்ப்ஸ் பாயின்ட். எர்த் இல்லை என்று சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிய, யாரோ ஒரு வயர்மேன் வந்து பத்து நிமிடத்தில் சார்ஜ் ஏற வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சாக்கெட்டைக் கழற்றினேன். நியூட்ரல் டெர்மினலிலிருந்து எர்த் டெர்மினலுக்கு விரல் நீளத்தில் ஒரு கறுப்பு வயர். சுவருக்குள்ளிருந்து எர்த் வயரே வரவில்லை.

இதை இன்னும் எத்தனை வீட்டில் பிடுங்கிப் போடுவது?

வயர்மேன்களைக் கேட்டால், "நியூட்ரல், எர்த் ரெண்டும் டிரான்ஸ்ஃபார்மர்ல சேர்ந்துதானே சார் இருக்கு" என்கிறார்கள். அங்கே சேர்ந்திருக்கிறது, சரி. ஆனால் உங்கள் சாக்கெட்டில் சேர்த்தால் கதை வேறு. எர்த் என்பது கசியும் கரன்ட்டை மண்ணில் இறக்கும் வழி. நியூட்ரல் என்பது கரன்ட் திரும்பிப் போகும் வழி. மீட்டர் பக்கத்திலோ போஸ்ட்டிலோ அது கழன்றுவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன், ஃப்ரிட்ஜ் வழியாகவே 230 வோல்ட் நியூட்ரல் வயருக்கு வந்துவிடும். அந்தச் சின்ன வயர் அதை நேராக கார் பாடிக்குக் கொண்டுபோகும். கார் டயரில் நிற்கிறது, அதனால் அந்தக் கரன்ட் எங்கும் இறங்காது. ஈரத்தரையில் வெறுங்காலோடு வந்து கதவைத் தொடுபவர் உடம்பு வழியாகத்தான் இறங்கும். எம்சிபி (லோடு மீறினால் தானே விழும் ஸ்விட்ச்) விழாதா என்று கேட்காதீர்கள். ஆளைக் கொல்லும் கரன்ட் மில்லிஆம்பியர் கணக்கு. எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது.

இன்னொன்று. ஃபேஸுக்கும் (கரன்ட் வரும் வயர்) எர்த்துக்கும் நடுவில் டெஸ்ட் லாம்ப் வைத்து "பளிச்னு எரியுது, எர்த் நல்லா இருக்கு" என்பார்கள். நியூட்ரலில் லிங்க் அடித்திருந்தாலும் அது அப்படித்தான் எரியும். மெயினை அணைத்து, சாக்கெட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பச்சை வயர் சுவருக்குள்ளிருந்து வருகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். நீங்களே கழற்ற வேண்டாம், தயவுசெய்து.

சரியான வேலை பெரிய செலவில்லை. எர்த் குழி ஒன்று, அதிலிருந்து போர்டுக்கு எர்த் வயர். போர்டிலிருந்து காருக்கென்று தனி லைன், 4 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர், 20 ஆம்ப்ஸ் எம்சிபி, 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் தானே விழும் ஸ்விட்ச்). கீசர் லைனிலிருந்து இழுக்காதீர்கள். கீசர் கொஞ்ச நேரத்தில் கட்-ஆஃப் ஆகிவிடும். கார் 15 ஆம்ப்ஸுக்குப் பக்கத்தில் ராத்திரி முழுக்க இழுக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்து ஸ்விட்சை அணைத்து, பிளக்கை உருவித் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட்டை மாற்றியாக வேண்டும்.

7.2 கிலோவாட் வால் பாக்ஸ் (சுவரில் மாட்டும் பெரிய சார்ஜர்) மாட்டுகிறவர்களுக்கு: அது 32 ஆம்ப்ஸ் சமாச்சாரம், இந்த வயரும் சாக்கெட்டும் தாங்காது. முதலில் ஈ.பி.யில் கூடுதல் லோடுக்கு எழுதிக் கொடுங்கள், வயரிங் அப்புறம்.